டெர்மினல் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போகலாமா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

#1 · கோவை_மெக்

வணக்கம். மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் பார்க்கிறேன். வடசென்னைக் கடலோரத்தில் இருக்கும் ஒரு திரவச் சேமிப்பு டெர்மினலில் உதவி மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பெட்ரோலியப் பொருட்கள், சில கெமிக்கல்கள், கொஞ்சம் பாமாயில் என்று கப்பலில் வருவதை இறக்கி வைத்து லாரியிலும் பைப்லைனிலும் அனுப்பும் இடம்.

நண்பர்களிடம் கேட்டேன். "டேங்க், பைப், பம்ப், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துவிடுவாய்" என்கிறான் ஒருவன். "ஆபத்தான இடம், கிட்டப் போகாதே" என்கிறான் இன்னொருவன். ஒன்றுமே நடக்காத இடம் எப்படி ஆபத்தான இடமாகவும் இருக்கும்? உள்ளே வேலை செய்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் எப்படிப் போகும்? அங்கிருந்து மேலே எங்கே போக முடியும்?

#2 · கடலோரம்

தம்பி, நான் அதே கடலோரத்தில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரிஃபைனரியில் எண்ணெய் கொதிக்கிறது, பிரிகிறது, வேறொன்றாக மாறுகிறது. டெர்மினலில் எதுவும் மாறக்கூடாது. வந்தது வந்தபடியே போக வேண்டும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத இடமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பெரிய டேங்கில் பத்தாயிரம், இருபதாயிரம் கிலோலிட்டர் நிற்கும். அதைத் தாங்கும் அடித்தகடு பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு மில்லிமீட்டர்தான். அந்தத் தகட்டின் கீழ்ப்பக்கத்தை டேங்க் கட்டிய நாளுக்குப் பிறகு யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் இரண்டு நண்பர்களும் சொல்வது இந்த ஒரே விஷயத்தைத்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலையில் ஆபரேஷன்ஸ்காரர்களோடு உட்கார்ந்து கப்பல் வரிசையைப் பார்ப்போம். கப்பல் வரும் தேதிதான் எங்களுக்குப் பஞ்சாங்கம். எந்த பம்பைக் கழற்றலாம், எந்த லைனைத் திறக்கலாம், எந்த டேங்கை நிறுத்தலாம் என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். மாதக்கணக்கில் கேட்டு வாங்கிய நாலு நாள் இடைவெளி, ஒரு கப்பல் முன்கூட்டி வந்தால் கையை விட்டுப் போய்விடும். கப்பல் காத்து நின்றால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும், அது நாளுக்குப் பல லட்சம். மேலே இருப்பவர்கள் அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். "இந்த வால்வை இப்போதே கழற்றியாக வேண்டும், அடுத்த கப்பலுக்குப் பிறகு முடியாது" என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லத் தெரிந்த இன்ஜினியர்தான் அங்கே தேவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்புறம் பர்மிட், அதாவது வேலைக்கான எழுத்து அனுமதி. சூட்டு வேலை, குளிர் வேலை, உயரத்தில் வேலை, டேங்குக்குள் இறங்குவது, மின்சாரத்தைத் துண்டிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. காலை நேரம் பாதி அதில் போகும். அது வீண் நேரமில்லை, அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால்.

பம்ப் கம்பெனியிலிருந்து வருகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் டெஸ்ட் பெட்டில் சக்ஷன், அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கம், நிலையாக இருக்கும். இங்கே டேங்க் காலியாகக் காலியாகச் சக்ஷன் உயரம் இறங்கிக்கொண்டே வரும். அடியில் மிச்சமிருக்கும் கடைசி அரை மீட்டரை எடுக்கும்போது பம்ப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். பம்ப் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் முகங்கள் காய்ந்து உரசும். ஒரு பம்பில் மெக்கானிக்கல் சீல் திரும்பத் திரும்பப் போகிறது என்றால், ஸ்டோரில் இன்னொரு சீல் கேட்பதற்கு முன் ஆபரேஷன்ஸ் லாக் புக்கை எடுத்து, அந்த பம்ப் ஓடிய நேரங்களில் டேங்க் லெவல் எவ்வளவு என்று பாருங்கள். காரணம் அங்கே இல்லையென்றால் பைப்பைப் பாருங்கள். கப்ளிங்கில் டயல் கேஜ் வைத்துக்கொண்டு சக்ஷன் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை மெல்லத் தளர்த்துங்கள். முள் நகர்ந்தால் பைப் அந்த பம்பை இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் எத்தனை தடவை செய்தாலும் நிற்காது.

பம்ப் சின்ன விஷயம் இல்லை. 2019 மார்ச் 17, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டீர் பார்க். ஒரு நாப்தா டேங்கின் சுற்றோட்ட பம்ப் பழுதாகிக் கசிந்து, தீப்பிடித்தது. டேங்க் வால்வைத் தூரத்திலிருந்து மூட அங்கே வழி இல்லை. கசிவை முதலிலேயே காட்டிக்கொடுக்க கேஸ் டிடெக்டரும் இல்லை. மூன்று நாள் எரிந்து, ஒவ்வொன்றும் 80,000 பேரல் கொள்ளளவுள்ள 15 டேங்குகள் அழிந்தன.

#3 · மூன்றாம்ஷிப்ட்

நான் ஆபரேஷன்ஸ் பக்கம். கடலோரம் சார் எழுதியதில் தவறில்லை, ஆனால் எங்கள் கஷ்டத்தையும் தம்பி கேட்டுக்கொள்ளட்டும்.

கப்பல் இரவு இரண்டு மணிக்குத்தான் பம்ப் செய்யத் தொடங்கும். மோட்டார் வால்வு பாதியில் நின்றுபோவதும் அப்போதுதான். மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டால் "கையால் சுற்றி மூடிவிடுங்கள், காலையில் பார்க்கலாம்" என்பார்கள். பெரிய கேட் வால்வைக் கையால் மூடுவது என்றால் நூற்றுக்கணக்கான சுற்று. மழையில், இருட்டில், எங்கள் பையன்தான் சுற்றுகிறான். காலையில் வருகிறவர் "இப்போது சரியாகத்தானே ஓடுகிறது" என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ராத்திரி அது ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே ஃபீல்ட் ஆபரேட்டர்களோடு ஒரு இரவு ஷிப்ட் முழுக்க நடந்து பாருங்கள். எந்த வால்வு மூடியும் பாஸ் ஆகிறது, அதாவது உள்ளே கசியவிடுகிறது, எந்த கேஜ் பொய் சொல்கிறது, எந்த பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது உதறுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்த ரிப்போர்ட்டிலும் அது இருக்காது. கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும்.

#4 · கடலோரம்

மூன்றாம்ஷிப்ட் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். "இப்போது ஓடுகிறது" என்பது பதில் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்கு அவசரம் என்று பர்மிட் இல்லாமல் ஃபிளேஞ்சைத் திறக்கச் சொல்லும் ஷிப்ட் இன்சார்ஜ்களும் உண்டு. அங்கே மறுத்துச் சொல்ல வேண்டியது மெயின்டனன்ஸ் ஆள்தான். கப்பல் நிற்கட்டும்.

#5 · நான்கு_இருபது

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன். மெக்கானிக்கல்காரர்கள் பம்பைப் பற்றியே பேசுகிறீர்கள், பம்ப் கெட்டால் சத்தம் போடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். டெர்மினலில் என்னைத் தூங்கவிடாத கருவிகள் சத்தமே போடாதவை. டேங்க் நிரம்பி வழியாமல் தடுக்கும் ஹை-ஹை ஸ்விட்ச், அவசர நேரத்தில் மூட வேண்டிய வால்வு, ஃபோம் லைன். வருஷக்கணக்கில் அசையாமல் இருக்கும். அசைய வேண்டிய ஒரு நாளில் அசையுமா என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் நம் வேலை. தம்பி, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு டெர்மினலில் நடந்ததை நம் துறையில் எல்லோரும் படிக்க வேண்டும். 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. 912 என்ற எண்ணுள்ள டேங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணிவாக்கில் லெவல் கேஜ் ஒரே அளவைக் காட்டி நின்றுவிட்டது, டேங்க் மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது. கேஜ் ஏமாற்றினாலும் காப்பாற்ற ஒரு தனி ஹை-லெவல் ஸ்விட்ச் இருந்தது. அதுவும் வேலை செய்யவில்லை. சோதனை செய்வதற்காக அதில் ஒரு நெம்புகோல் உண்டு. சோதனை முடிந்ததும் நெம்புகோல் சரியான நிலையில் நிற்க ஒரு பூட்டு போட வேண்டும். அந்தப் பூட்டு இல்லை. பூட்டு திருட்டுக்காக அல்ல, அது இல்லாவிட்டால் ஸ்விட்சே செத்துப்போகும் என்பது பராமரித்தவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஆறு மணிக்கு வெடித்தது. 20க்கு மேற்பட்ட டேங்குகள் எரிந்தன, 43 பேருக்குக் காயம். ஞாயிறு அதிகாலையாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு. அந்த கேஜ் அதே ஆண்டு ஆகஸ்ட் 31க்கும் அன்றைக்கும் இடையில் 14 தடவை நின்றிருக்கிறது. தூக்கி இறக்கிவிட்டு மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். ஏன் நிற்கிறது என்று யாரும் அடிவரை போகவில்லை. மூன்றாம்ஷிப்ட் மேலே சொன்ன கதைதான் இது.

நம் நாட்டுக் கதையும் அதேதான். 2009 அக்டோபர் 29, ஜெய்ப்பூர் சீதாபுரா டெர்மினல். பெட்ரோலை வேறு இடத்துக்கு அனுப்ப லைன் போடும்போது லைனை அடைக்கும் ஹேமர் பிளைண்ட் ஒன்றின் வழியாகப் பீறிட்டு வந்தது. ஆவி சூழ்ந்துகொண்டதால் டேங்க் வால்வை மூடக் கிட்டப் போக முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த வால்வை மூடும் வசதி ஒரு காலத்தில் இருந்து, பல வருஷமாக வேலை செய்யாமல் கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் கொட்டி, அப்புறம் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தூரத்திலிருந்து மூடும் வால்வுகளைக் கட்டாயமாக்கச் சொல்லி, விபத்தை விசாரித்த எம்.பி. லால் குழு அறிக்கை கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

சோதனை என்றால் பேனலில் பட்டனை அழுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இல்லை. டேங்க் மேல் ஏறி, ஸ்விட்சின் மிதவையையே தூக்கிப் பாருங்கள். கீழே ஒருவர் வாக்கி டாக்கியோடு நிற்கட்டும். அலாரம் வந்ததா, வால்வு கடைசிவரை மூடியதா, எத்தனை நொடி எடுத்தது, மூன்றையும் எழுதுங்கள். முந்தைய முறையைவிட நேரம் கூடியிருந்தால் வால்வை இயக்கும் ஆக்சுவேட்டர் திணறுகிறது. அது உடைவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடும். டேங்க் உச்சியில் வெயிலில் நின்று செய்கிற வேலை இது. எங்கள் இடத்தில் ஏறுகிற ஒரே பெண் நான், அதனால் சொல்கிறேன், ஏறாமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. நீங்கள் ஏறுங்கள்.

#6 · கோவை_மெக்

அக்கா, மிக்க நன்றி. அந்தப் பூட்டு விஷயத்தைப் படித்துவிட்டு எங்கள் டெஸ்ட் பெட்டில் இருக்கும் ஒவ்வொரு பூட்டையும் இன்று போய்ப் பார்த்தேன்.

டேங்குக்குள் இறங்கும் வேலை எப்படி இருக்கும்? அம்மாவுக்கு அதுதான் பயம். எனக்கும் தெரியவில்லை.

#7 · ஜூரோங்_இரவு

சிங்கப்பூர் ஜூரோங் தீவிலிருந்து. ஏழு சின்னத் தீவுகளைக் கடலைத் தூர்த்து இணைத்து உண்டாக்கிய தீவு இது. முழுக்க எண்ணெய், கெமிக்கல். பாஸ் இல்லாமல் உள்ளே வர முடியாது. டேங்க் கிளீனிங், ரிப்பேர்தான் என் வேலை. உள்ளே இறங்கும் ஆட்களில் நம் ஊர்க்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள் நிறைய. அதனால் இந்தக் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

டேங்க் ஒன்றை உள்ளே பார்ப்பதற்காக நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. டேங்க் ஆய்வுக்கான அமெரிக்க விதித்தொகுப்பான ஏபிஐ 653 கணக்குப்படி, துருவேகத்தைப் பொறுத்து, பத்து வருஷம், அதிகபட்சம் இருபது வருஷம்கூடப் போகும். அந்த ஒரு தடவை தவறவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். முதலில் சரக்கை எடுத்துவிட்டு, எல்லா லைனிலும் வால்வை நம்பாமல் பிளைண்ட் தகடு அடிக்க வேண்டும். மூடிய வால்வு தடுப்பு ஆகாது, பாஸ் ஆகும். பிறகு மேன்ஹோல்களைத் திறந்து காற்றோட்டம். பிறகு கேஸ் டெஸ்ட்.

டெஸ்டரைக் கதவருகே காட்டிவிட்டு எண் படிப்பது டெஸ்ட் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் படிந்து கிடக்கும். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கக்கூடாது, 23.5க்கு மேலேயும் போகக்கூடாது. முதலில் ஆக்சிஜன், அப்புறம் எரியும் வாயு, அப்புறம் விஷம். காலையில் சரியாக இருந்தது மத்தியானம் சரியாக இருக்கும் என்று நம்பவே கூடாது. அடியில் கிடக்கும் கசடைக் கிளறினால் அதற்குள் அடைபட்டிருந்த ஆவி புதிதாக வெளியே வரும். டேங்க் காலி, சுத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆள் விழுவது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள சரக்கென்றால் மூக்கை நம்பாதீர்கள். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் அவரை உடனே வெளியே இழுக்க வேண்டும். நைட்ரஜனுக்கோ நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே குதிப்பவர் இரண்டாவதாகச் சாவார். உலகம் முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கிறது. வாசலில் நிற்கும் காவல் ஆளுக்கு ஒரே ஒரு கட்டளைதான்: கத்து, அலாரம் அடி, உள்ளே போகாதே.

மிதக்கும் கூரை, அதாவது சரக்கின்மேல் மிதந்து ஏறி இறங்கும் கூரை, உள்ள டேங்கில், அது கீழே இறங்கியிருக்கும்போது ஏணி வழியாகக் கூரைமேல் இறங்குவதும் அடைபட்ட இடத்தில் நுழைவதுதான். மேலே வானம் தெரியும், காற்று வரும் என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் பத்துப் பதினைந்து மீட்டர் சுவர். கூரையின் ஓரச் சீல் வழியாக வரும் ஆவி அங்கேயே தங்கும். பர்மிட் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

சரி, சுத்தம் செய்து முடித்து அடித்தகட்டின்மேல் நடக்கும்போதுதான் வேலையின் ருசி தெரியும். காந்த ஸ்கேனரை வரிசை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். மேலே பளபளவென்று இருக்கும் தகட்டில் ஓரிடத்தில் கருவி கத்தும். அல்ட்ராசோனிக் வைத்துப் பார்த்தால் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் நிற்கும். மண் பக்கமிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, வெட்டி எடுத்து, கையில் பிடித்துப் பார்ப்போம். கீழ்ப்பக்கம் குழிகுழியாக இருக்கும். இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் அந்த வழியாகச் சரக்கு மண்ணுக்குள் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொன்ன நண்பரை ஒருநாள் அழைத்து வந்து காட்டுங்கள்.

#8 · பழைய_ரிஃபைனரி

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தம்பியின் வயதை நினைத்து ஒரு மாற்றுக் கருத்து. நான் ரிஃபைனரியில் ரொட்டேட்டிங், அதாவது சுழலும் இயந்திரங்கள், பார்த்து ஓய்வு பெற்றவன். கம்ப்ரசர், ஸ்டீம் டர்பைன், ஃபர்னஸ், எக்ஸ்சேஞ்சர், முழு ஷட்டவுன், இவற்றையெல்லாம் இளம் வயதில் பார்த்தவனுக்கு டெர்மினல் வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். டெர்மினலில் தொடங்கியவனை ரிஃபைனரியில் எடுப்பது கடினம். முதல் ஐந்து வருஷம் எங்கே கழிகிறது என்பது முக்கியம். ரிஃபைனரியில் இடம் கிடைத்தால் அதற்குப் போகவே நான் சொல்வேன்.

#9 · கடலோரம்

ஐயா சொல்வது இயந்திரங்களைப் பொறுத்தவரை உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் ரிஃபைனரியில் ரொட்டேட்டிங் இன்ஜினியர் ரொட்டேட்டிங் மட்டும்தான் பார்ப்பார். டெர்மினலில் மெயின்டனன்ஸ் டீமே கைவிரல் எண்ணிக்கைதான். பெயின்ட், கான்கிரீட், துருவைத் தடுக்கும் கேதோடிக் புரொடெக்ஷன், எர்த்திங், ஃபயர் பம்ப், ஜெட்டியில் இருக்கும் லோடிங் ஆர்ம், வேபிரிட்ஜ் எல்லாமே உங்கள் தலையில்தான் வரும். மூன்று வருஷத்தில் ஒரு முழு இடத்தையும் தனியாகப் பார்க்கும் ஆளாக ஆகிவிடலாம். எது வேண்டும் என்பது தம்பியின் விருப்பம்.

தம்பி மழைக்காலத்துக்கு முன் சேருவதாக இருந்தால் ஒன்று. நம் கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் டெர்மினலின் உண்மையான சோதனை. மிதக்கும் கூரையில் விழும் மழைநீர், டேங்குக்குள்ளே போகும் ஒரு ஹோஸ் அல்லது மடக்குக் குழாய் வழியாக வெளியே வர வேண்டும். அதன் வாயில் ஒரு பழைய துணி, காக்கைக்கூட்டுக் குச்சி அடைத்தால் போதும், கூரைமேல் தண்ணீர் தேங்கும். ஒரு சென்டிமீட்டர் நின்றாலே சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ. முப்பது, நாற்பது மீட்டர் விட்டமுள்ள கூரைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை ஒரு பக்கம் சாய்ந்து மூழ்கிவிடும். அதனால் செப்டம்பரிலேயே ஒவ்வொரு டிரெய்னையும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம், கூரையை மிதக்க வைக்கும் பான்டூன் அறைகளின் மூடிகளைத் திறந்து உள்ளே எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம்.

டேங்கைச் சுற்றிய தடுப்புச் சுவரான டைக்குக்குள் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். டிரெய்ன் வால்வை எப்போதும் மூடித்தான் வைக்க வேண்டும், மழையின்போது ஆள் நின்று திறந்து, எண்ணெய் இல்லை என்று பார்த்து வெளியே விட்டுவிட்டு மூட வேண்டும். மூட மறந்த வால்வு ஜெய்ப்பூர் போன்ற நாளில் பெட்ரோலை வெளிச்சாக்கடைக்கு அனுப்பும். திறக்கவே இல்லையென்றால் வேறு ஆபத்து: காலி டேங்க் மிதக்கும். எட்டு மில்லிமீட்டர் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 63 கிலோதான், சுவரும் கூரையும் சேர்ந்தாலும் டைக்கில் ஒன்றிரண்டு அடித் தண்ணீர் போதும், டேங்க் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி லைன்களைப் பிய்த்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் காலி டேங்குகளில் கொஞ்சம் சரக்கோ தண்ணீரோ நிறுத்தி வைப்பது அதற்குத்தான்.

ஃபயர் லைனில் அழுத்தம் குறையாமல் வைத்திருக்கும் ஜாக்கி பம்ப் ஒரு ராத்திரியில் எத்தனை தடவை தானாக ஓடுகிறது என்று கவனியுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமல் அடிக்கடி ஓடினால் மண்ணுக்கடியில் ஹைட்ரன்ட் லைன் கசிகிறது. உப்புக்காற்றும் உப்புநிலத்தடி நீரும் உள்ள இடத்தில் இது சீக்கிரம் வரும்.

#10 · திருமலை

திருகோணமலையிலிருந்து. இஞ்சை பிரிட்டிஷ்காரர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன். 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்டபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின்மேலேயே வந்து விழுந்தது, அதன் எச்சம் இன்னும் கிடக்கு. கீழ்த் தொகுதித் தாங்கிகள் பாவனையில் இருக்கின்றன. மேல் தொகுதியில் பல, காட்டுக்குள் பல பத்தாண்டுகளாக வெறுமையாக நின்றவை. 2022 ஜனவரி ஒப்பந்தத்துக்குப் பிறகு 61 தாங்கிகளைத் திருத்தி எடுக்கிற கதை வந்தது.

அண்ணைமாரிடம் ஒரு கேள்வி. அத்தனை காலம் வெறுமையாக நின்ற ஒரு தாங்கியைத் திருப்பிப் பாவிக்கலாமா என்று எப்படித் தீர்மானிப்பது?

#11 · ஜூரோங்_இரவு

சுவர்த்தகட்டுத் தடிமனை அடியிலிருந்து மேல்வரை அளந்து, எந்த உயரம்வரை நிரப்பத் தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் தொடக்கம். முழு உயரம் தாங்காவிட்டாலும் குறைந்த உயரத்துக்குச் சரியாக இருக்கலாம். அடித்தகட்டைப் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் அஸ்திவாரம் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் லெவல் எடுப்பது. பழைய இரும்பென்றால் வெல்டிங்குக்கு ஏற்றதா என்று ஒரு துண்டை வெட்டி லேபில் பார்க்காமல் தொடவே கூடாது. கடைசியில் தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட். நிரப்ப நிரப்ப அஸ்திவாரத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

#12 · சாரம்

கான்ட்ராக்டர் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். சாரம் கட்டுவது, பெயின்ட், இன்சுலேஷன் எங்கள் வேலை. இன்ஜினியர் பர்மிட்டில் என்ன எழுதினாலும் அதைக் கையால் செய்கிறவன் எங்கள் ஆள். இப்போது பெரும்பாலும் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பையன்கள். பர்மிட் ஆங்கிலத்தில் இருக்கும். வேலைக்கு முன் பாதுகாப்பைச் சொல்லும் காலை டூல்பாக்ஸ் பேச்சு தமிழில் நடக்கும். அவன் தலையாட்டுவான், கையெழுத்துப் போடுவான்.

அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டால் "ஆமாம்" என்பான். "உன் டெஸ்டர் கத்தினால் எந்தப் பக்கம் ஓடுவாய், கையால் காட்டு" என்று கேளுங்கள். அப்போதுதான் தெரியும். கொஞ்சம் ஹிந்தி கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, இந்த வேலையில் அது உயிர் காக்கும்.

பெயின்ட் வேலையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. டேங்க் கூரையில் துருவை நீக்க மணல் வீசும் பிளாஸ்டிங் செய்வதற்கு முன், மணல் உள்ளே போகக்கூடாது என்று பையன்கள் நல்ல எண்ணத்தோடு பிரீதர் வால்வை பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். டேங்கிலிருந்து அன்று லாரி லோடிங் இருந்தது. ஏறிப் பார்த்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர் லோடிங்கை நிறுத்திவிட்டு ஷீட்டைக் கிழித்தார். எங்களுக்கு அதுவரை விளங்கவில்லை.

#13 · கடலோரம்

விளக்கிவிடுகிறேன், எல்லோருக்கும் தேவை. அந்த மாதிரி டேங்க் உள்ளே நிற்கும் எண்ணெயின் பாரத்தைத் தாங்கும், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கச் செய்ததில்லை. உள்ளிருந்து சரக்கு வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்த வழியான பிரீதர் வால்வை அடைத்துவிட்டால், சில சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான வெற்றிடமே கூரையையும் சுவரையும் உள்ளே நொறுக்கிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் அதற்குப் போதும். பெயின்ட் பர்மிட்டில் "வென்டைச் சுற்றக்கூடாது" என்று எழுதுவதோடு நிற்காமல், வேலை முடியும்வரை தினமும் ஒருவர் ஏறிப் பார்க்க வேண்டும்.

#14 · கோவை_மெக்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், இடத்தையும் சுற்றிக் காட்டுவார்களாம். நான் என்ன கேட்க வேண்டும்? ஏபிஐ 653 பரீட்சை இப்போதே எழுதலாமா?

#15 · நான்கு_இருபது

பரீட்சை இப்போது வேண்டாம், கட்டணமும் அதிகம், படிப்புக்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். இரண்டு டேங்கை உள்ளே பார்த்துவிட்டு எழுதினால் புத்தகம் தானாகப் புரியும். அதுவரை நம் எண்ணெய்த் துறைப் பாதுகாப்புத் தரங்களான ஓஐஎஸ்டி 105, 117, 129 மூன்றையும் படியுங்கள். பர்மிட், தீயணைப்பு, டேங்க் ஆய்வு.

நேரில் போனால் பைபாஸ் ரெஜிஸ்டரைக் கேளுங்கள். எந்த அலாரம், தானாக நிறுத்தும் எந்த ட்ரிப் தற்காலிகமாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, எப்போதிருந்து, யார் அனுமதித்தார்கள் என்று அதில் இருக்கும். கெமிக்கல் டேங்குகளில் வெப்பநிலையை எந்த உயரத்தில் அளக்கிறார்கள் என்று கேளுங்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஊரடங்கில் நிறுத்தி வைத்திருந்த ஸ்டைரீன் டேங்கில் அடிப்பகுதியில் மட்டும்தான் வெப்பம் அளந்தார்கள், மேல் அடுக்கு சூடேறியது தெரியவில்லை. 12 பேர் இறந்தார்கள்.

#16 · கோவை_மெக்

போய் வந்தேன். பைபாஸ் ரெஜிஸ்டரைக் கேட்டதும் மேனேஜர் கொஞ்சம் நேரம் என்னைப் பார்த்தார், பிறகு எடுத்துக் காட்டினார். ஒளிக்கவில்லை. அதில் ஒரு பெட்ரோல் டேங்கின் ஹை-ஹை ஸ்விட்ச் பல மாதங்களாக அணைத்து வைத்திருப்பதாக இருந்தது. ஸ்பேர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். அந்த டேங்கில் கப்பல் சரக்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால், "இறங்கும்போது மேலே ஒரு ஆளை நிறுத்தி டிப் எடுக்கிறோம்" என்றார். டேப்பை உள்ளே இறக்கி அளவு பார்ப்பதுதான் டிப்பாம்.

வேலைக்குச் சேருவதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த ஏற்பாடு சரிதானா?

#17 · நான்கு_இருபது

சரியில்லை. சரக்கு ஏறும்போது பெட்ரோலில் ஸ்டாட்டிக் சார்ஜ் சேரும். டிப் டேப்பை ஹேட்ச் வழியாக நேராக இறக்கினால் பொறி பறக்கலாம். ஏற்றுவதை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் விட்ட பிறகுதான் டிப் எடுக்க வேண்டும். அடிவரை போகும் துளையிட்ட குழாய் வழியாக எடுக்கும் வசதி இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆளையும் டேங்க் உச்சியில் ஆவிக்கு நடுவே நிறுத்தக்கூடாது.

சேர்ந்ததும் எழுத்தில் மூன்று விஷயம் கொடுங்கள். ஸ்விட்ச் வரும்வரை அந்த டேங்கின் நிரப்பு உயரத்தைக் குறைக்க வேண்டும், வால்வு மூட எடுக்கும் நேரத்தில் ஏறும் சரக்குக்கும் மேலே இடம் இருக்கும்படி. மணிக்கொரு தடவை கப்பல் கொடுத்த அளவையும் டேங்க் கேஜ் காட்டும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் விலகினால் கேட்காமலே நிறுத்தும் அதிகாரம் ஷிப்ட் இன்சார்ஜுக்கு இருக்க வேண்டும். அதோடு அந்த ஸ்விட்சின் மாடல் நம்பரை இங்கே போடுங்கள். எங்கள் ஸ்டோரில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.